டெப்பரி பீன்ஸ் கொடியாக ஓடுகிறது, காய் இல்லை: டூசானில் என்ன செய்வது?

தண்ணீரைக் குறையுங்கள். தினமும் சொட்டுநீர் விட்டும் இலைதான் வருகிறது, காயே இல்லை என்கிறீர்கள். தினமும் விடுவதுதான் காரணமாக இருக்கும். டெப்பரி, அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் நகரம் இருக்கிற சொனோரா பாலைவனத்துப் பயிர். அங்குள்ள தொஹோனோ ஓஓதம் பழங்குடி மக்கள் கோடை மழை வெள்ளம் ஓடைவாயில் பரவி வடிந்ததும் ஈரமண்ணில் விதைத்து, அதற்குமேல் பெரிதாகத் தண்ணீரே காட்டாமல் அறுத்திருக்கிறார்கள். மண் கொஞ்சம் காய்ந்தால்தான் பூவுக்கும் காய்க்கும் திரும்பும், ஈரம் தீராவிட்டால் கொடி வீசிக்கொண்டே போகும். உரம், அதுவும் தழைச்சத்து போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் குழாயை மூடிவிடுங்கள். மதியம் இலைகள் நிமிர்ந்து நிற்கும், வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் தப்பிக்கிற வேலை அது, பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். விடியற்காலையிலும் துவண்டிருந்தால் மட்டும் ஆழமாக ஒருமுறை விடுங்கள்.

ஆனால் தொட்டியில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு சரிவராது, வேர் இறங்க இடமில்லை, அடியோடு நிறுத்தினால் செடியே போய்விடும். அப்புறம், காய் மஞ்சளானதும் பறித்துவிடுங்கள், முழுக்கக் காயவிட்டால் வெடித்துச் சிதறும்.