தேதி முடிந்த விதைப் பாக்கெட்: எதை ஊன்றலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடிப்பட்டத்துக்கு வாங்கிய வெண்டை, மிளகாய், சுரை, பெல்லாரி வெங்காய விதைகளை அப்போது விதைக்க முடியவில்லை. பாக்கெட் பிரிக்காமல் பம்புசெட் அறையில் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அரை ஏக்கர் வெண்டை போட நினைக்கிறேன். இந்த விதைகள் ஆகுமா? தண்ணீரில் கொட்டி, மிதப்பதை நீக்கிவிட்டு விதைத்தால் போதுமா?

பதில்: அட்டையில் போட்டிருக்கும் தேதி விதை சாகும் நாள் இல்லை. பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதத்துக்கு, குறைந்தபட்ச முளைப்புத் திறன் இருக்கும் என்று தரும் கெடு, அவ்வளவுதான். எனக்குத் தேதியை விட உங்கள் பம்புசெட் அறைதான் கவலை. விதையில் ஈரம் 1 சதவீதம் ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பம் 5 டிகிரி ஏறினாலும் அப்படியே. சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் இரண்டு முறை அந்தப் பெட்டி மேல் ஏறி இறங்கியிருக்கின்றன.

வெங்காய விதையை மறந்துவிடுங்கள். காய்கறி விதைகளில் அற்பாயுசு அதற்குத்தான். நம் வெயிலில் ஒரு வருடம் தாண்டுவதே பெரிது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே பழைய பெல்லாரி விதையை நம்பி நாற்றங்கால் விட்டு, பத்து நாள் வெறும் மண்ணுக்குப் பூவாளியில் தண்ணீர் தெளித்திருக்கிறேன். மிளகாயும் கிட்டத்தட்ட அதே கதைதான். முளைத்தாலும் நாற்று சோகையாக வரும், நாற்றழுகல் முதலில் அதைத்தான் பிடிக்கும். பழைய விதையின் உள்சவ்வு தளர்ந்து, ஈரம் பட்டதும் சர்க்கரைச் சத்து வெளியே கசியும். மண்ணில் இருக்கும் பூஞ்சைக்கு அது விருந்து. ஏக்கருக்கு 400 கிராம் ரக விதை (வீரிய ஒட்டு அல்லாதது) போதும் என்கிற மிளகாய்க்கு, விதையில் மிச்சம் பிடித்துப் பட்டத்தைத் தொலைக்க வேண்டாம்.

சுரை கெட்டித் தோல், தைரியமாக ஊன்றலாம். வழக்கமாகக் குழிக்கு 5 விதை என்றால் இப்போது 7 போடுங்கள். 15 நாள் கழித்து வாளிப்பான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

வெண்டைதான் இரண்டும் கெட்டான். அதைச் சோதித்துப் பார்க்காமல் நிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரில் மிதக்கவிடும் சோதனை இதற்கு உதவாது. மிதப்பது சொத்தை, சரி. ஆனால் உயிர் போன விதையும் கனம் குறையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லா வெண்டைப் பாக்கெட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதை எண்ணிக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வரிசைக்கு பத்தாகப் பரப்பிச் சுருட்டி, ஒரு பாலித்தீன் பையில் வாய் கட்டாமல் அடுப்படி ஓரம் வையுங்கள். நான்காம் நாள் பிரித்து எண்ணுங்கள், பத்தாம் நாள் மறுபடி எண்ணுங்கள். வேரும் குருத்தும் நேராக வந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள். ஊதிப்போய் நிற்பது, வேர் நுனி பழுத்தது, தொட்டால் கொழகொழ என்பது எல்லாம் கழிவு.

வெண்டைக்குச் சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்பு 65 சதவீதம். அதற்கு மேல் வந்து, பெரும்பாலானவை முதல் எண்ணிக்கையிலேயே முளைத்திருந்தால் வழக்கம் போல விதையுங்கள். 50தான் வந்தது என்றால், அரை ஏக்கருக்கு 1.6 கிலோ ரக விதை போடும் இடத்தில் 2 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். எண்ணிக்கை 60 இருந்தும் பாதிக்கு மேல் ஒரு வாரம் கழித்துத்தான் எட்டிப்பார்த்தது என்றால், நான் அதை விதைக்க மாட்டேன். துணியில் அவ்வளவு தடுமாறுவது மண்ணில் மேலோடு கட்டினால் வெளியே வராது. வந்தாலும் வயல் மேடும் பள்ளமுமாக நிற்கும், காய் பறிப்பு முன்பின்னாகும். 50க்கும் கீழே போனால் புது விதை வாங்குங்கள். துணிக் கணக்கில் சந்தேகம் இருந்தால் மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

விதைப்பதாக முடிவு செய்தால், கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து விதையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் விதைக்கு ஏற்கெனவே மருந்து பூசியிருந்தால் டிரைக்கோடெர்மா வேண்டாம்.

அப்புறம், முக்கியமாக ஒன்று. அந்த விதைகள் ரோஸ் நிறத்திலோ பச்சையாகவோ இருந்தால் அது பூஞ்சணக் கொல்லி பூசியது. முளைக்காது என்று கோழிக்கு இறைத்துவிடாதீர்கள். கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி மீதமாகும் விதையை நன்றாகக் காய்ந்த நிலையில், இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல், டப்பாவின் குளிர்ச்சி விட்டபிறகு திறங்கள். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் விதை மேலேயே வியர்த்துவிடும்.