படியளக்கிறவனைப் பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யாவின் ஆர்.டி., கத்தாரின் அல் ஜசீரா, பிரிட்டனின் பிபிசி எல்லாமே அரசுகள் படியளக்க, அயல்மொழிகளில் பேசும் சேனல்கள்தானே? அப்புறம் ஒன்றைப் பிரச்சாரம், இன்னொன்றைச் செய்தி என்று பிரிப்பது பாசாங்கு இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாசாங்கு இருக்கிறது. 2005இல் பிபிசி போலிஷ், செக், ஹங்கேரியன் உட்படப் பத்து மொழி வானொலிச் சேவைகளை மூடப்போவதாக அறிவித்தது. மிச்சமாகும் பணம் அரபுத் தொலைக்காட்சிக்கு. படியளந்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. கிழக்கு ஐரோப்பாவில் வேலை முடிந்தது, இனி அரபு உலகம் என்ற கணக்குதான். பிரான்ஸ் 24கூட இராக் போர் சமயத்தில் தங்கள் குரல் எடுபடவில்லை என்ற ஆதங்கத்தில் 2006இல் வந்தது. பிரெஞ்சு அரசே ஆங்கிலத்தில் சேனல் நடத்துவதென்றால் எவ்வளவு கௌரவத்தை விழுங்கியிருக்க வேண்டும்!

ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்பதை ஏற்க மாட்டேன். படியளக்கிறவனைப் பற்றி அந்தச் சேனல் வாய் திறக்குமா என்றுதான் பார்ப்பேன். 1994இல் பிபிசி ஏற்கெனவே ஓர் அரபுச் சேனல் நடத்தியது. பணம் சவூதிக்காரர்களின் ஆர்பிட் நிறுவனத்துடையது. 1996இல் சவூதி மரண தண்டனைகள் பற்றிய நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் ஆர்பிட் கையை விரித்தது, சேனல் போயிற்று. வேலையிழந்தவர்களில் பலரை அதே ஆண்டு கத்தாரில் தொடங்கிய அல் ஜசீரா சேர்த்துக்கொண்டது. அரபு ஆட்சியாளர்களை அவர்கள் கேட்ட கேள்விகளை அதுவரை அங்கே டிவியில் யாரும் கேட்டதில்லை. கத்தார் அரச குடும்பம் என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். ஆனாலும் 2017இல் சவூதியும் மூன்று நாடுகளும் கத்தார்மீது தடைபோட்டபோது, அல் ஜசீராவை மூடு என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. ஒரு சின்ன நாட்டுக்கு அந்தச் சேனல் என்ன பலம் என்பது அதில் தெரிந்தது.

ஆர்.டி.யும் எப்போதும் பொய்தான் சொல்கிறது என்றில்லை. 2011இல் அமெரிக்கப் பண முதலைகளுக்கு எதிராக நடந்த வால் ஸ்ட்ரீட் போராட்டச் செய்திகளுக்காக சர்வதேச எம்மி தொலைக்காட்சி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்காவின் குறை அதன் கண்ணில் பளிச்சென்று படும். ரஷ்ய அரசின் கிரெம்ளின் மாளிகைப் பக்கம் அதே கண் மங்கிவிடும், அவ்வளவுதான். பிபிசியோ, இராக்கின் ஆயுதங்கள் பற்றி பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட அறிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று சொல்லி, பிரதமர் டோனி பிளேர் அரசோடு மல்லுக்கட்டியது. விசாரணையில் தோற்று, 2004இல் அதன் தலைமை இயக்குநர் பதவி விலகினார். ஆர்.டி.யில் இப்படி ஒரு சண்டையை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

பணம் மட்டும் இருந்தாலும் போதாது. அமெரிக்க அரசு 2004இல் தொடங்கிய அரபுச் சேனல் அல் ஹுர்ராவுக்கு அல் ஜசீராவின் மதிப்பு கடைசிவரை கிட்டவில்லை.

நான் ஆர்.டி.யை அமெரிக்காவுக்காகப் பார்க்கிறேன், அல் ஜசீராவை அரபு நாடுகளுக்காக. கத்தாருக்கு மட்டும் வேறு இடம் தேடிக்கொள்கிறேன்.