சந்தேகத்தைப் போலீஸில் சொன்னால் என் மேல் வழக்கு வருமா?

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு மாதமாகக் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி ஒருவர், மாலையில் விளையாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிறார். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அவருடைய படத்தைப் போட்டு, ‘பிள்ளை பிடிப்பவர் போலிருக்கிறது, உஷார்’ என்று எழுதியிருக்கிறார். காவல் நிலையத்தில் சொல்லி, அது தவறாகிவிட்டால் என் மேல் வழக்கு வருமா? சொல்லாமல் இருந்து ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்: நல்லெண்ணத்தோடு காவல்துறையிடம் தகவல் சொன்னவரைச் சட்டம் கைவிடுவதில்லை, அந்தத் தகவல் பின்னால் தவறு என்று தெரியவந்தாலும்கூட. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்படி நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ கிடையாது என்றும் அதே பிரிவு உறுதி தருகிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவருக்குத்தான் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகார் அவதூறு ஆகாது என்கிறது.

ஆனால் ‘நல்லெண்ணம்’ என்பதற்கு நாம் வீட்டில் கொள்ளும் பொருள் வேறு, சட்டம் கொள்ளும் பொருள் வேறு. மனத்தில் வஞ்சம் இல்லை என்பது மட்டும் போதாது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் நம்பிய எதையும் நல்லெண்ணத்தோடு நம்பியதாகக் கொள்ள முடியாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-வது பிரிவு சொன்னது. இன்றைய சன்ஹிதாவின் 2(11)-வது பிரிவும் அதையே சொல்கிறது. ‘வடக்கத்தி ஆள், பேச்சு புரியவில்லை, பார்வையே சரியில்லை’ என்பதில் அந்தக் கவனம் எங்கே இருக்கிறது? ‘பிள்ளையைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார், வீட்டில் சொல்லாதே என்றார்’ என்றால், அவர் எந்த ஊராராக இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சொல்ல வேண்டிய செய்தி அது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும்போது உங்களுக்கு உறுத்தியதில்லை என்றால், இவர் கொடுக்கும் பிஸ்கட் மட்டும் ஏன் உறுத்துகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். போக்சோ வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதால், அந்நியரை மட்டுமே கவனிக்கும் தெரு உண்மையான ஆபத்தைத் தவறவிடவும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், போர்வை விற்கும் வெளிமாநில இளைஞர் ஒருவருக்காக ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். ‘வீடுகளை நோட்டம் விடுகிறார்’ என்பது புகார். தரையில் அவிழ்த்துப் போட்டிருந்த மூட்டையில் ஆறு போர்வைகளும் ஓரம் கிழிந்த தவணை நோட்டு ஒன்றும் இருந்தன. புகார் கொடுத்தவரின் தெருவிலேயே நான்கு வீட்டுப் பெண்கள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி, கதவு எண்ணோடு அதில் எழுதப்பட்டிருந்தது. வாரந்தோறும் அவர் அந்த வீட்டு வாசல்களைப் பார்த்ததன் காரணம் அதுதான். புகாரை ஏதும் நடவாததுபோல் முடித்துவிட்டார்கள். அந்த இளைஞர் பாக்கியை வாங்கக்கூட அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகவில்லை.

அவர் உயிரோடாவது திரும்பினார். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை கடத்துபவர் என்று நினைத்துக் கூட்டம் அடித்தே கொன்றது. அதற்கு முன் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தி, உங்கள் குழுவில் இப்போது இருக்கும் செய்தியைப் போன்றதுதான். ஆகவே எனக்கு அந்தத் தொழிலாளியின் உயிரைப் பற்றியும் கவலை இருக்கிறது, அம்மா.

முதலில் அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். அதிகாரியிடம் சொல்பவருக்கு 356-வது பிரிவு தரும் அந்த விலக்கு, தெருக் குழுவில் படம் போட்டவருக்குக் கிடைக்காது. அதை மற்றவர்களுக்கு அனுப்புபவரும் அவதூறு வழக்குக்கு ஆளாகலாம். பிறகு உங்கள் பிள்ளையிடம், மிரட்டாமல், அந்த மாமா என்ன பேசுகிறார், எங்காவது கூப்பிட்டாரா என்று கேளுங்கள். பதிலில் ஏதாவது நெருடினால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, எந்த நாள், எத்தனை மணி, என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அவருடைய ஊரையும் மொழியையும் காரணமாகச் சொல்ல வேண்டாம். நெருடல் எதுவும் இல்லையென்றால், புகார் கொடுக்க இதில் ஒன்றும் இல்லை. அவரிடமே போய், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். தமிழ் புரியாவிட்டால் அவர் வேலை செய்யும் பனியன் கம்பெனி மேஸ்திரியை உடன் அழைத்துப் போங்கள்.