மடக்குக் கத்திக்கு வாஷரா, பேரிங்கா?

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். மிளகுக் கொடி கட்ட, கிளை கழிக்க என்று தினமும் கையில் இருக்கும் மடக்குக் கத்தியில், அலகு திரும்பும் அச்சில் கிடக்கும் வாஷர் தேய்ந்து அலகு ஆடுகிறது. "பேரிங் போட்டுவிடுங்கள் மாமா, விரல் பட்டாலே திறக்கும்" என்கிறான் மைத்துனன். எதைப் போடுவது?
- வாசகர், ஏற்காடு

பதில்: வாஷரே போடுங்கள். அதிலும் பாஸ்பர் பிரான்ஸ், அதாவது பாஸ்பரஸ் கலந்த வெண்கல வாஷர்.

மைத்துனர் சொல்வது பொய்யில்லை. வாஷருக்குப் பதில் பொடிக் குண்டுகள் அடுக்கிய வளையம் இருப்பதால் பேரிங் கத்தி வழுக்கிக்கொண்டு திறக்கும். டவுனில் பார்சல் பிரிக்கிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் வேலை வேறு.

போன தை மாதம் உங்கள் மலையிலிருந்து ஒருவர் பேரிங் கத்தியோடு என் பட்டறைக்கு வந்தார். பாதி திறந்ததும் கரகரவென்று நின்றுவிடும். திருகைக் கழற்றி அலகை எடுத்தால், காபிப் பழத்தின் வழவழப்பு பிசினாகக் காய்ந்து, அதில் செம்மண் ஒட்டி, பொடிக் குண்டுகள் கூண்டோடு அப்பிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: அலுமினியக் கைப்பிடியின் உட்பக்கம், ஊசியால் குத்தினாற்போல வட்டமாகச் சின்னச் சின்னக் குழிகள். குண்டு ஒரு புள்ளியில்தான் அழுத்தும். அடியில் கடினப்படுத்திய எஃகு வளையம் இல்லாவிட்டால் மெத்தென்ற உலோகத்தில் பதிந்துவிடும். குழி விழுந்த பிறகு புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. அதே குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாஷர் முழு முகத்தாலும் பாரத்தைத் தாங்கும். கொஞ்சம் மண் புகுந்தாலும் சட்டென்று நின்றுவிடாது. கழற்றித் துடைத்தால் போதும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். திறந்து மூடிப் பழகப் பழக, அலகும் வாஷரும் ஒன்றையொன்று தேய்த்து மெருகேற்றிக்கொள்ளும். அந்த ஓட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று, உங்கள் கத்தியில் பேரிங் உட்காரவே உட்காராது. வாஷர் அரை மில்லிமீட்டர் கனத்தை ஒட்டித்தான் இருக்கும். பேரிங்கோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதற்கென்று கைப்பிடியில் பள்ளம் குடைந்திருக்க வேண்டும். மெல்லிய பக்கத்தகட்டைக் கடைசலில் குடைய யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய வாஷரைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். தேயாத ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அலகின் இரண்டு பக்கத்து வாஷரும் ஒரே கனம் வேண்டும். இல்லையென்றால் அலகு ஒரு பக்கம் சாய்ந்து, மூடும்போது தகட்டில் உரசும். டெஃப்லான் வாஷர் வழுக்கும், ஆனால் நசுங்கும். கொஞ்ச நாளில் பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும். மாட்டியதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. திருகை ஆட்டம் நிற்கும்வரை முறுக்கி, அலகு தடையில்லாமல் திரும்பும் அளவுக்கு மயிரிழை தளர்த்துங்கள்.

வாங்கப் போகுமுன் அலகைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் திருகு தளர்ந்திருக்கும், இல்லை வாஷர் தேய்ந்திருக்கும். மேலும் கீழும் ஆடினால் தேய்ந்தது அச்சாகவோ, அலகின் துளையாகவோ, திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் லாக்காகவோ இருக்கும். அதற்கு வாஷர் மாற்றி ஒன்றும் ஆகாது. கத்தியை எடுத்துக்கொண்டு வளைவுகளெல்லாம் இறங்கிச் சேலத்துப் பட்டறைக்கு வரத்தான் வேண்டும்.