அப்பாவுக்கு உப்புக்கண்டமா, மீல் மேக்கரா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். கணவருக்கு 52 வயது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் காலத்திலிருந்தே சித்திரை வெயிலில் உப்புக்கண்டம் போடுவோம். கிலோ ஆட்டுக்கறிக்கு 60 கிராம் கல்லுப்பு. "அப்பாவுக்கு மட்டும் மீல் மேக்கரில் அதே மசாலா தடவிக் காயவையுங்கள்" என்கிறாள் மகள். அப்படிச் செய்யலாமா? இல்லை, உப்பைக் குறைத்து உப்புக்கண்டமே போடலாமா?

பதில்: உப்பின் அளவைக் கிராமில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா, அதனால் கணக்காகவே சொல்லிவிடலாம். கறி காயும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அதிலேயே தங்கிவிடும். ஒரு கிலோவில் போட்டதைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ஒரு பங்கில் 6 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றுக்கு நாலு துண்டு வறுத்து வைத்தாலே அன்றைய கணக்கு தாண்டிவிடும், சாம்பாரையும் ஊறுகாயையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

உப்பைக் குறைத்து வெயிலில் காயவைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கொடியில் தொங்கும் கறியைக் கெடாமல் காப்பதே அந்த உப்புதான். நம் டெல்டாக் காற்றில் ஈரம் அதிகம். மேலே விறைத்த துண்டைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் பிசுபிசுப்பு இருக்கும். கிருமி வளர அது போதும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு எண்ணெயில் வறுத்தாலும் போகாது. வீட்டில் மற்றவர்களுக்குப் போடுவதென்றாலும், கால் அங்குல கனத்தில் கீறிய கறியை முதலில் ஆவியில் வேகவைத்து (உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வரவேண்டும்), பிறகு 60 டிகிரி அளவில் மின்சார அவனில் (oven) உலர்த்துங்கள். டப்பாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மகள் சொல்வதில் பாதி சரி. மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. காய்ந்த 30 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் இருக்கிறது, உப்பு மிகக் குறைவு. ஆனால் அதே மசாலாவும் அதே உப்பும் தடவினால் அவருக்கு என்ன லாபம்? ஊறிய மீல் மேக்கரும் கறியைப் போலவே கெடும், அதனால் கொடியில் போடவேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து, நுரை போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசி, ஒட்டப் பிழிந்து, மிளகு, பூண்டு, சோம்பு, கறிவேப்பிலையோடு இரும்புச் சட்டியில் சுருள வறுத்துக் கொடுங்கள். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

கடைகளில் 'தாவர இறைச்சி' என்று உறைய வைத்து விற்பது வேறு. அதில் உப்பு தாராளமாக இருக்கலாம். உறையில் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால் ஒரு கிராம் உப்பு என்று கணக்கு வையுங்கள்.

சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் கெடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் சமைக்கிற அளவுக்கு அப்படி ஒன்றும் ஆகாது. வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை போட்டால் மட்டும் சோயாவுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கறியை அவர் அடியோடு விடவேண்டியதில்லை. மாதம் இரண்டு முறை, கொழுப்பு நீக்கிய புதுக்கறியை உப்புக் குறைத்துக் குழம்பு வையுங்கள். சோயாவில் வைட்டமின் பி12 இல்லை, அதற்கு முட்டையும் தயிரும் இருக்கட்டும். சிறுநீரகப் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால், மீல் மேக்கரை வாடிக்கையாக்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.