நானோ யூரியா பாட்டிலை நம்பி மூட்டையைக் குறைக்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு ஏக்கரில் வெள்ளைப் பொன்னி நெல் நட்டிருக்கிறேன். உரக்கடையில் யூரியா மூட்டையோடு அரை லிட்டர் நானோ யூரியா பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்கள். மேலுரத்தில் ஒரு மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: குறைக்காதீர்கள். காரணம் வெறும் கணக்குதான்.

45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20.7 கிலோ. உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021-இல் கொண்டுவந்த, இலையில் தெளிக்கும் நானோ யூரியாவில் 4 சதவீதம். அரை லிட்டருக்கு 20 கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம்! பின்னால் வந்த 20 சதவீத பாட்டிலிலும் 100 கிராம்தான் இருக்கும். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வரை பரிந்துரைக்கிறார்கள். அந்த இடத்தில் 20 கிராம் எந்த மூலைக்கு?

"துகள் நானோ அளவு, இலை முழுசாக உறிஞ்சிக்கொள்ளும்" என்பார்கள். சரி, ஒரு சொட்டு வீணாகாமல் உறிஞ்சினாலும் உள்ளே போவது அதே 20 கிராம்தான். இன்னொன்று, சாதாரண யூரியாவைத் தண்ணீரில் போட்டாலே தனித்தனி மூலக்கூறாகக் கரைந்துவிடும். அது ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. பாட்டிலில் சொல்லும் துகளோ 20 முதல் 50 நானோமீட்டர். இலைக்குள் நுழைய எது சுலபம் என்று நீங்களே பாருங்கள்.

விவசாயிகளின் வயல்களில் போட்ட சோதனைகளில் சராசரியாக 8 சதவீதம் மகசூல் கூடியது என்கிறது இஃப்கோ. ஆனால் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் வயலில் போட்டுப் பார்த்தபோது, யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதில் இதைத் தெளித்த இடத்தில் நெல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தன. மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போவது இந்த முடிவுதான்.

நானோ என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. துத்தநாகம் மாதிரி பயிருக்குக் கொஞ்சமே தேவைப்படும் சத்துகளில் இந்த முறைக்கு எதிர்காலம் இருக்கலாம். கிலோ கணக்கில் கேட்கும் தழைச்சத்தில்தான் இடிக்கிறது.

யூரியாவை மிச்சப்படுத்த பழைய வழி ஒன்று உண்டு: யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுங்கள், சத்து மெதுவாகக் கரையும். அப்புறம், பச்சை நிறங்களுக்கு எண் போட்டிருக்கும் இலை வண்ண அட்டை ஒன்று வாங்கி வையுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலையோடு வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு நிறம் 3-க்குக் கீழே வந்தால்தான் மேலுரம். தேவையில்லாமல் போடும் யூரியா இதிலேயே நின்றுவிடும்.

வாங்கிய பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். லிட்டருக்கு 4 மில்லி வீதம் 125 லிட்டரில் கலந்து, தூர் கட்டும் பருவத்தில், பனி உலர்ந்த பிறகு காலையிலோ வெயில் தாழ்ந்தோ தெளியுங்கள். அதே 125 லிட்டரில் ஒன்றேகால் கிலோ சாதா யூரியாவைக் கரைத்தால் 575 கிராம் தழைச்சத்து கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். நானோவைப் பாதி வயலுக்கும் ஒரு சதவீத யூரியாக் கரைசலை மீதிக்கும் அடித்து, நடுவில் ஒரு பாத்தியை எதுவும் தெளிக்காமல் விடுங்கள். மூன்றையும் தனித்தனியாக அறுத்து எடை போட்டால் உங்கள் வயலே பதில் சொல்லும். எடையை எனக்கும் எழுதுங்கள்.