அனுமதிச்சீட்டு இல்லாத கடலில் விதிகள் உண்டு: நோர்வேயில் தூண்டில் போட விரும்பும் தம்பிக்கு

தம்பி, மொஸ் நகருக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், வேலையில்லாத சனி ஞாயிறுகளில் கடலுக்குப் போய்த் தூண்டில் போட விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டுமா, எந்தத் தூண்டில் வாங்குவது, எங்கே நன்றாக மீன் படும், மிஞ்சுவதை நம்மவர்களுக்கு விற்கலாமா, பின்னர் ஒரு சிறு படகு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்டிலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, ஏனெனில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் எந்தக் கடையிலும் அதைச் சொல்லித் தருவார்கள். இடத்தைப் பற்றியும் எழுதப் போவதில்லை. உங்கள் நகரை ஒட்டிய யேலோயாத் தீவின் கரையில் காலை வேளையில் நிற்கும் முதிய நோர்வேஜியர் ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டால், என்னைவிட நன்றாகவே அவர் சொல்வார். உங்கள் முதலாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. எண்பதுகளின் பிற்பகுதியில், நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் ஒரு சிறு துறைமுக ஊரில் வந்திறங்கியபோது நாங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டோம், அதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில் பாதிப் பதிலாகவே இருந்தது.

அந்தப் பாதிப் பதில் இதுதான்: கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு தேவையில்லை. அது உண்மை. இந்த நாட்டுக் கடலில் கைத்தூண்டிலோ தடித்தூண்டிலோ போட எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, நேற்று வந்த சுற்றுலாப் பயணிக்கும் அந்த உரிமை உண்டு. ஆற்றில் சால்மன் பிடிப்பது முற்றிலும் வேறு விடயம். அதற்கு அரசுக்குக் கட்டணம் செலுத்தவும் வேண்டும், அந்த ஆற்றுக்கு உரியவர்களிடம் சீட்டு வாங்கவும் வேண்டும், ஆற்று முகத்துவாரங்களுக்குத் தனித் தடைகளும் உண்டு. ஆனால் கடலுக்குச் சீட்டு இல்லை என்று கேள்விப்பட்டதும் நம்மவர்களில் பலர் கடலுக்கு விதியும் இல்லை என்று முடிவுசெய்து விடுகிறார்கள். சீட்டு வாங்கும் இடமென்று ஒன்று இருந்தால், அங்கே எவராவது ஒரு துண்டுப் பிரசுரத்தையாவது கையில் தந்திருப்பார்கள். இங்கே அப்படி எவரும் தருவதில்லை. எதைப் பிடிக்கலாம், எதை விட வேண்டும் என்பதை நீங்களே தேடி அறிந்துகொண்டுதான் கடற்கரைக்குப் போக வேண்டும். நாங்கள் வந்த காலத்தில் தொழிற்சாலையில் தந்த தாள்கள் எல்லாம் நோர்வேஜிய மொழியில் இருந்தன, வாசித்து விளக்க ஆளில்லை. இன்று கடற்றொழில் இயக்குநரகம் பொழுதுபோக்கு மீன்பிடிக்கென்றே ஒரு கைபேசிச் செயலியை வைத்திருக்கிறது. மீனின் படம், குறைந்தபட்ச அளவு, தடைசெய்யப்பட்ட பகுதி ஆகியவற்றை அதில் பார்க்கலாம். தூண்டில் வாங்குவதற்கு முன்பே அதைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊருக்கே உரிய எச்சரிக்கைக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது ஒஸ்லோ பியோர்டின், அதாவது ஒஸ்லோ வரை நிலத்துக்குள் நீளும் கடற்கழியின், கரையில். தெலமார்க்கிலிருந்து சுவீடன் எல்லை வரையான கடலில், 2019 ஜூன் நடுப்பகுதி முதல், தொஸ்க் என்று இங்கே சொல்லும் கொட் மீனைப் பிடிப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தடை வலைக்கு மட்டுமன்றித் தூண்டிலுக்கும் உண்டு, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்கும் உண்டு. அதற்கு மேலாக, ஜனவரி தொடக்கம் ஏப்ரல் இறுதி வரை, வரைபடத்தில் குறித்த முட்டையிடும் பகுதிகளில் மீன்பிடிக்கே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. வடக்கே இருக்கும் உங்கள் உறவினர் பெரிய கொட் மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படம் அனுப்புவார். அதைப் பார்த்து நீங்களும் மொஸ்ஸில் அதே மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால், அது குற்றம். ஆகவே கொட் மீனை அடையாளம் காணப் பழகுங்கள்: தாடையின் கீழே ஒற்றை மீசை, முதுகில் மூன்று துடுப்புகள், பக்கவாட்டில் வெளிறிய கோடு. தவறுதலாகத் தூண்டிலில் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்கு மிக அருகில் வைத்தே கொக்கியைக் கழற்றி, உயிரோடு விட்டுவிடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலிருக்கும் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும், அப்படி விடப்பட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது கடினம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கொட் மாட்டினால், அந்த இடத்தை விட்டு விலகிப் போவதுதான் சரி. உங்களுக்குக் கோடையில் மக்ரெல் எனும் கானாங்கெளுத்தி வகை மீன் இருக்கிறது, கரையிலிருந்தே படும், சுவையும் நம் நாக்குக்கு ஏற்றது.

இந்தத் தடைகளை எல்லாம் வெள்ளைக்காரரின் பிடிவாதம் என்று சொல்லும் நம்மவர்களைச் சந்திப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் பின்மார்க்கில் மீன் அரியும் தொழிற்சாலையில் நின்ற காலத்தில்தான், 1989 ஏப்ரலில், கரையோரப் படகுகளின் கொட் மீன்பிடி நிறுத்தப்பட்டது. வடக்கே உள்ள பாரன்ஸ் கடலின் கொட் இருப்பு அவ்வளவுக்குக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டின் ஒதுக்கீடும், அதாவது பிடிக்க அனுமதித்த அளவும், மிகச் சிறியதாக இருந்ததால், படகு வைத்திருந்தவர்கள் கடனில் விழுந்தார்கள், எங்களுக்கு வேலை நாட்கள் சுருங்கின. இரண்டு மாதம் சூரியனே எழாத ஊரில், கூலியும் இல்லாமல், ஊருக்கு அனுப்பப் பணமும் இல்லாமல் அறைக்குள் இருப்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என்னோடு வந்தவர்களில் பலர் அந்த ஆண்டுகளில் தெற்கே ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் புறப்பட்டார்கள். இருந்தவர்கள், விதிகளை இறுக்கிப் பிடித்த ஒரு கடல் மெல்ல மெல்லத் திரும்புவதையும் பார்த்தோம். தொழில்முறைப் படகுகள் தாம் பிடித்த கொட் மீனையும் அதே இனத்தைச் சேர்ந்த ஹைசெ மீனையும் கடலில் திரும்ப வீசக்கூடாது என்ற தடை 1987-லேயே வந்திருந்தது, அதன்பின் ஒதுக்கீடுகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2013-ல் அந்தக் கடலுக்கான கொட் ஒதுக்கீடு பத்து லட்சம் தொன்களாக உயர்ந்தது. அது மீண்டும் சரிந்து 2025-க்கு 3,40,000 தொன்களானது, 1991-க்குப் பின்னர் அதுவரை இருந்ததில் அதுவே மிகக் குறைந்த அளவு. ஒரு கடல் காலியாவதையும் நிறைவதையும் மீண்டும் குறைவதையும் ஒரே வாழ்நாளில் பார்த்தவனிடம் வந்து, ஒரு சின்ன மீனை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை.

அளவுகளைப் பொறுத்தவரை, தடித்தூண்டிலோடு ஓர் அளவுப்பலகையையும் வாங்குங்கள், கண்ணளவு போதாது. மீனை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். கொட் மீனுக்கு, தடையில்லாத இடங்களில், வட அகலக்கோடு 62 பாகைக்கு வடக்கே 44 சென்ரிமீற்றர், அதற்குத் தெற்கே 40 சென்ரிமீற்றர் குறைந்தபட்ச அளவு. குவைத்தே எனப்படும் பெரிய தட்டைமீனுக்கு 84 சென்ரிமீற்றர். அதில் இரண்டு மீற்றருக்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் அவை முட்டையிடும் முதிய பெண் மீன்கள். நண்டுக்கு அகலத்தை அளக்க வேண்டும்: சுவீடன் எல்லையிலிருந்து தென்மேற்கே உள்ள ரூகலாண்ட் மாவட்டம் வரை 11 சென்ரிமீற்றர், அதற்கு வடக்கே 13. சிங்கி இறாலுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை, நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் அதில்தான். அதற்கு ஒவ்வோர் ஆண்டும் இயக்குநரகத்தில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். உங்கள் பகுதியில் பருவம் அக்டோபர் முதலாம் திகதி காலை எட்டு மணிக்குத் தொடங்கி நவம்பர் இறுதியில் முடிகிறது. ஒருவருக்குப் பத்துக் கூடுகளுக்கு மேல் கூடாது. 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும், உங்கள் கரையில் 32-க்கு மேற்பட்டதையும், முட்டை சுமந்த எதையும் திரும்ப விட வேண்டும். கூட்டில் சிறியவை தப்பிச் செல்ல வட்டத் துவாரங்களும், உக்கிப்போகும் பருத்தி நூலால் கட்டிய ஒரு பக்கமும் இருக்க வேண்டும். கூடு தொலைந்துபோனால் அந்த நூல் உக்கித் திறந்துகொள்ளும், உள்ளே அகப்பட்டவை வெளியேறும். இந்தப் பருத்தி நூல் விதியை நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணில் படாத கடலடியில், எவருக்கும் பயன்படாமல், ஆண்டுக்கணக்காக இறந்துகொண்டே இருக்கும் இறால்களை நினைத்து இயற்றிய விதி அது.

நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். இறங்குதுறையில் கூட்டமாக நின்று, மக்ரெல் கூட்டம் வந்த நாளில் வாளி வாளியாக நிரப்பி, வீட்டில் குளிர்ப்பெட்டி நிறைந்த பின்னரும் நிறுத்தாமல், மாலையில் தங்கூசி நூலையும் இரைப் பொதிகளையும் மீன் குடலையும் அப்படியே விட்டுச் செல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எவரும் வந்து சோதிப்பதில்லை என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் அவர்களே. சோதனை உண்டு, தண்டமும் உண்டு. அதைவிட முக்கியமானது, அந்தத் துறையில் அடுத்த நாள் நாய்க்குட்டியோடு நடந்து வரும் அயலவர் அந்தக் குப்பையை யாருடையது என்று நினைப்பார் என்பது. ஒரு நோர்வேஜியர் விட்டுப்போனால் அது ஒருவருடைய குப்பை, நாம் விட்டுப்போனால் அது நம் எல்லோருடையதும் ஆகிவிடுகிறது. இது நியாயமில்லைதான், ஆனால் இப்படித்தான் இருக்கிறது. பெரிய குளிர்ப்பெட்டிகளோடு வாகனத்தில் வந்து நிரப்பிக்கொண்டு போகும் சுற்றுலாப் பயணிகள் மீதும் எனக்கு அதே மனக்குறைதான். அவர்களுக்குக் கைத்தூண்டிலும் தடித்தூண்டிலும் மட்டுமே அனுமதி. வலையும் கூடும் இங்கே வசிப்பவர்களுக்கு உரியவை. நீங்கள் இப்போது இங்கே வசிப்பவர், ஆகவே அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் முதல் ஆண்டில் வலையைத் தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வலை தெரிவு செய்யாது, எடுக்கக்கூடாததையும் கொன்றுதான் தரும்.

பிடித்த மீனை நடத்தும் முறையையும் பழகுங்கள். துடிக்கத் துடிக்க வாளியில் போட்டு வைப்பதை இங்குள்ளவர்கள் வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பு சரியானதே. தலையில் ஓர் அடி அடித்து உணர்விழக்கச் செய்து, உடனே செவுளின் கீழ் வெட்டி இரத்தத்தை வடிய விட வேண்டும். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர், எங்களுக்கு மொழி புரியாத காலத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் துறைக்கு வந்து கையால் செய்து காட்டிக் கற்பித்தது இதைத்தான். இரத்தம் வடிந்த மீனின் தசை வெண்மையாக இருக்கும், குழம்பிலும் வாடை வராது. இலக்கண வகுப்பில் கற்றதைவிட அந்தத் துறையில் நான் கற்ற நோர்வேஜிய மொழியே அதிகம். நமக்கும் இந்த நாட்டுக்கும் உள்ள உறவே மீனில்தான் தொடங்கியது என்பதை அறிந்திருப்பீர்களோ தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து 1956-ல் வந்து மீன்பிடித் தொழிலைக் கற்ற அன்ரனி இராஜேந்திரம்தான் பின்னர் நோர்வேஜிய நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற படகு கட்டும் தளத்தை உருவாக்கினார். எங்களுக்கு முன் வந்தவர் ஒருவர் அவ்வளவு நல்ல பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். விற்க வேண்டாம். கடல் மீனின் முதல் விற்பனை மீனவர்களுடைய விற்பனைச் சங்கங்களின் வழியாகவே நடக்க வேண்டும் என்பது 1938-ன் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு. வணிகர்கள் விலையை விழுத்தி மீனவக் குடும்பங்களைப் பட்டினி போட்ட காலத்தில் அவர்கள் போராடிப் பெற்ற உரிமை அது. பதிவில்லாமல் கைபேசிக் குழுக்களில் கிலோவுக்கு விலை போட்டு விற்பது அந்த மீனவரின் வயிற்றில் அடிப்பது. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுங்கள், பணம் வாங்காதீர்கள்.

உயிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள கடல் நம் கடல் அன்று. வசந்தத்தில் வெயில் நன்றாக அடிக்கும் நாளிலும் தண்ணீர் குளிரால் கொல்லும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் பற்ற மறுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர். பாறையில் தனியாக நிற்காதீர்கள், ஈரமாகக் கறுத்திருக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள், கரையில் நின்றாலும் மிதவை அங்கியை அணியுங்கள். எட்டு மீற்றருக்குக் குறைந்த படகில் ஓடும்போது அதை அணிவது 2015 மே முதல் சட்டமே ஆகும். மீன் வளர்ப்புக் கூடுகளைச் சுற்றி நூறு மீற்றருக்குள் தூண்டில் போடவும், இருபது மீற்றருக்குள் படகோட்டவும் தடை உண்டு. பாறையில் ஒட்டியிருக்கும் மட்டியைப் பிடுங்கிக் கறி வைக்கும் ஆசை வந்தால், உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வெளியிடும் மட்டி எச்சரிக்கையை முதலில் பாருங்கள். அதிலுள்ள பாசி நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கரையோரத்தில் நீங்களே பிடித்த மீனின் ஈரலை உண்ண வேண்டாம் என்றும் அவர்கள் அறிவுறுத்துகிறார்கள். வீட்டில் சிறு பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் இதில் இன்னும் கவனமாக இருங்கள்.

படகு வாங்கும் எண்ணத்தை அடுத்த கோடைக்குத் தள்ளி வையுங்கள். 1980-லோ அதற்குப் பின்னரோ பிறந்தவராக இருந்தால், எட்டு மீற்றருக்கு மேற்பட்ட படகையோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்தையோ செலுத்தப் படகோட்டிச் சான்றிதழ் வேண்டும். சிறிய படகுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் அந்தத் தேர்வை எழுதுங்கள், குளிர்கால மாலைகளில் படித்துவிடலாம். அதற்கான பாடநூலில் உள்ள கடல்வழி விதிகளில் ஏதாவது விளங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், பதில் தருவேன்.